தலை என்னுது, நாமினி யாரு?

பதிவு போட்டு நாலு மாசத்துக்கு மேல ஆச்சு. மார்ச் முடிவு, அது முடிஞ்சதும் ஆடிட், அது முடிஞ்சதும் கிளையில ரெண்டு பேருக்கு டிரான்ஸ்ஃபர். அவங்க ஆணியையும் சேர்த்து நானே புடுங்க வேண்டியதாப் போச்சு. இன்னிக்கு எழுத உக்காந்ததுக்குக் காரணம் நம்ம வாரிசு.

பையன் பத்தாவது. கோத்ரூட்ல வீடு. டியூஷனுக்கு நாலு கிலோமீட்டர், சைக்கிள்லதான் போயிட்டு வரான். ரெண்டு வருஷம் முன்னாடி சைக்கிள் வாங்கும்போதே ஹெல்மெட்டும் சேர்த்து வாங்கிக் கொடுத்தேன். ஒரு மாசம் போட்டான். அப்புறம் அது ஹேண்டில்பார்ல தொங்குச்சு. அப்புறம் பால்கனியில ஆணியில தொங்குச்சு. போன மாசம் பார்த்தா நம்ம தங்கமணி அதுல பூண்டு காயப்போட்டிருக்காங்க.

"டேய், ஹெல்மெட் இல்லாம இனிமே சைக்கிளத் தொடாதே"ன்னு ஒரு நாள் சாயந்திரம் சத்தம் போட்டேன். அவன் பதில் சொன்ன விதம்தான் என்னை எழுத வெச்சது. கத்தலை, அழலை. ஸ்கூல் டிபேட்ல பேசுற மாதிரி, விரலை மடக்கி மடக்கிச் சொன்னான். "அப்பா, சைக்கிளுக்கு ஹெல்மெட் போடணும்னு இந்தியாவுல சட்டமே இல்ல. நெதர்லாந்துல யாருமே போடுறதில்ல. இது என் தலை, பர்சனல் சாய்ஸ். அதுவும் இல்லாம..." அப்படின்னு சொல்லிட்டு போனை எடுத்து ஒரு ஃபோட்டோவைக் காட்டினான். முந்தின ஞாயித்துக்கிழமை காலைல, லுங்கியை மடிச்சுக் கட்டிக்கிட்டு, அதே சைக்கிள்ல, கொத்தமல்லி வாங்கப் போறார் ஒருத்தர். வெறுந்தலை. அந்தத் தலையில முடியும் அவ்வளவா இல்ல. வேற யாரு, அடியேன்தான்.

தங்கமணி சமையலறையிலிருந்து சிரிச்ச சத்தம் கேட்டுச்சு. ஒரு அப்பனுக்கு இதைவிட அவமானம் வேணுமா?

சரி, பையன் சொன்னது உண்மையா? சட்டம் வரைக்கும் உண்மைதான். 1988ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்துல 129வது பிரிவுதான் ஹெல்மெட் பிரிவு. அது மோட்டார் சைக்கிளுக்கு மட்டும். 2019ல திருத்தினாங்க, நாலு வயசுக்கு மேல எல்லாரும் போடணும், இல்லாட்டி 1000 ரூபாய் அபராதம், மூணு மாசம் லைசென்ஸ் சஸ்பெண்டுன்னு கடுமையாக்கினாங்க. அதுலயும் மிதிவண்டியைப் பத்திப் பேச்சே இல்ல. இன்னொரு வேடிக்கை சொல்றேன். நம்ம அபார்ட்மெண்ட் பசங்க ஓட்டுதே, மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல போகாத, கால் கிலோவாட்டுக்குக் கீழ இருக்குற பேட்டரி வண்டி, அது மோட்டார் வாகனமே கிடையாது விதிப்படி. லைசென்சும் வேணாம், ஹெல்மெட்டும் வேணாம்.

நம்ம ஊர்ல நான் சைக்கிள் பழகினது அருப்புக்கோட்டைப் பக்கம். வாடகை சைக்கிள், குரங்கு பெடல், முட்டியில சிராய்ப்பு, அதுல காபிப் பொடி. ஹெல்மெட்டுங்கிற வார்த்தையையே கேட்டதில்ல. ஆனா சைக்கிளுக்குச் சட்டமே இல்லாம இருந்ததுன்னு யாராவது சொன்னா எங்கப்பா சிரிப்பார். அவர் காலத்துல சைக்கிளுக்கு வருஷா வருஷம் வில்லை வாங்கணும். ராத்திரி லைட் இல்லாம போனா போலீஸ் பிடிக்கும், டபுள்ஸ் போனா பிடிக்கும். காசு இல்லேன்னு சொன்னா ரெண்டு டயர்லயும் காத்தைப் பிடுங்கி விட்டு, உருட்டிக்கிட்டே போடான்னு அனுப்புவாங்க. எங்கப்பா ஒரு தடவை செகண்ட் ஷோ பார்த்துட்டு மூணு மைல் உருட்டிக்கிட்டு வந்த கதையை எங்கம்மா இன்னும் சொல்லிக் காட்டுவாங்க.

இதை யோசிச்சப்பதான் ஒரு வித்தியாசம் புரிஞ்சுது. டைனமோ லைட் எனக்கு மட்டும் இல்ல, எதிர்ல நடந்து வர்றவனுக்கும் சேர்த்து. பிரேக்கும் அப்படித்தான். ஹெல்மெட் அப்படி இல்ல. நான் போடாததால எதிர்ல வர்றவன் மண்டை உடையப் போறதில்ல. அதனால ஹெல்மெட் விஷயத்துல அரசாங்கத்துக்கு என்ன வேலைன்னு கேக்குறவங்களை முட்டாள்னு ஒதுக்க முடியாது. அந்தக் கேள்வியில நியாயம் இருக்கு.

நான் இருக்குற ஊரே அந்தக் கேள்விக்குப் பேர் போன ஊர். புனேவை ஒரு காலத்துல சைக்கிள் நகரம்னு சொல்வாங்க. கிர்க்கி வெடிமருந்துத் தொழிற்சாலைக்கு ஷிஃப்டுக்குப் போற கூட்டம் சைக்கிள்லதான் போகும்னு அங்க வேலை பார்த்து ரிட்டயரான நம்ம தமிழ்ப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கேன். இப்ப அந்த ஊர் டூ வீலர் ஊராயிடுச்சு. 2019 ஜனவரி முதல் டூ வீலருக்கு ஹெல்மெட் கண்டிப்புன்னு போலீஸ் அறிவிச்சதும் நடந்த கூத்தை இங்க இருந்தவங்க மறந்திருக்க மாட்டீங்க. ஹெல்மெட் கட்டாயத்தை எதிர்த்து ஒரு கமிட்டி, ஊர்வலம், தலையில புனேரி பகடி கட்டிக்கிட்டு வண்டி ஓட்டினாங்க, ஹெல்மெட்டுக்கு இறுதிச் சடங்கு நடத்தினாங்க! அதே வருஷம் ஜூன்ல ஊர் எம்.எல்.ஏ.க்கள் போய் முறையிட, முதல்வர் ஃபட்னவிஸ் தலையிட்டு ஊருக்குள்ள பிடிக்கிறதை நிறுத்தச் சொன்னார். என் கூட வேலை பார்க்குற மராத்திக்காரர், ரொம்ப நல்ல மனுஷன், லோன் பேப்பர்ல ஒரு கமா விடமாட்டார், அவரும் அந்த ஊர்வலத்துல போனவர். "ஊருக்குள்ள இருபது கிலோமீட்டர் வேகத்துல போறோம், எதுக்கு சாஹேப்?" என்பார்.

மோட்டார் வண்டியைப் பொறுத்தவரை என் பதில் சுருக்கம்தான். 2022ல மட்டும் நம்ம நாட்டுல ரோட்டுல செத்தவங்க 1,68,491 பேர். அதுல ஹெல்மெட் போடாம போனவங்க 50,029 பேர். இந்தக் கணக்கை மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகமே போட்டிருக்கு. அதுலயும் 14,337 பேர் பின்னாடி உக்காந்து போனவங்க. பின்னாடி உக்காருறவங்க யாரு? பெரும்பாலும் நம்ம வீட்டுப் பொம்பளைங்க. டெல்லியில 2014 வரைக்கும் பெண்களுக்கு ஹெல்மெட் வேணாம்னு விட்டு வெச்சிருந்தாங்க. சீக்கியப் பெண்கள் யார், மத்தவங்க யார்னு போலீஸ் எப்படிப் பிரிச்சுப் பார்க்கும்னு ஒரு சாக்கு. அந்த விருப்பத்துக்கு விலை கொடுத்தது எத்தனை குடும்பமோ. மோட்டார் வண்டிக்குக் கட்டாயம் வேணும், பிடிக்கணும், அபராதம் போடணும். இதுல எனக்கு ரெண்டாவது எண்ணம் கிடையாது. நம்ம தமிழ்நாட்டுல 2015 ஜூலையில ஹைகோர்ட் உத்தரவுக்கு அப்புறம் கண்டிப்பாக்கினாங்க. லீவுக்குப் போறப்ப பார்க்குறேன், பாதிப் பேர் அதை முழங்கையில மாட்டிக்கிட்டுப் போறாங்க. முழங்கை பத்திரம்.

சைக்கிளுக்கு வர்றப்பதான் நான் தடுமாறுறேன். காரணம், எங்க கிளையில போன வருஷம் பார்த்த ஒரு கேஸ்.

வாடிக்கையாளர் பேர் வேணாம். ஒரு ஹவுசிங் சொசைட்டியில நைட் வாட்ச்மேன். ஐம்பதை நெருங்கின வயசு. மாசா மாசம் ஏழாம் தேதி சம்பளம் விழும், எட்டாம் தேதி காலைல டூட்டி முடிச்சு நேரா நம்ம கிளைக்கு வந்துடுவார். வித்டிராயல் ஸ்லிப்பை யாராவது எழுதிக் கொடுக்கணும், கையெழுத்து மட்டும் தானே போடுவார். ஏ.டி.எம். கார்டு வாங்கி வெச்சிருந்தார், ஒரு நாளும் தேய்ச்சதில்ல. பழைய கருப்பு சைக்கிளை எங்க ஜெனரேட்டர் பக்கத்துல நிறுத்துவார்.

ஒரு நாள் ராத்திரி டூட்டிக்குப் போற வழியில, கால்வாயை ஒட்டின ரோட்டுல, பெயிண்ட் அடிக்காத ஸ்பீடு பிரேக்கர். தெருவிளக்கு எரியலை. முன்சக்கரம் எகிறி விழுந்திருக்கார். தலை நடைபாதைக் கல் விளிம்புல. பதினோரு நாள் ஐ.சி.யூ.வுல இருந்து போயிட்டார். எந்த வண்டியும் இடிக்கலை, யாரும் துரத்தலை. சும்மா ஒரு விழுதல்.

அந்தம்மா ஒரு பையனைக் கூட்டிக்கிட்டு வந்தாங்க. பத்தொன்பது வயசு இருக்கும். டெத் சர்டிஃபிகேட், பாஸ்புக், ஆதார், எல்லாம் ஒரு மஞ்சப் பையில. என் எதிர்ல உக்காந்து முதல்ல கேட்டது, "சாஹேப், கிதீ மிளதீல்?" எவ்வளவு கிடைக்கும்?

நான் கம்ப்யூட்டர்ல பார்த்தேன். வருஷத்துக்கு 20 ரூபாய் பிரீமியத்துல 2 லட்சம் கொடுக்குற விபத்துக் காப்பீடு, பிரதான் மந்திரி சுரக்ஷா பீமா, அதுல அவர் சேர்ந்திருந்தார். எங்க கிளையில யாரோ கேம்ப்ல கையெழுத்து வாங்கிச் சேர்த்துவிட்டிருக்காங்க. ஆனா அது மே கடைசியில தானா டெபிட் ஆகணும். அந்த வருஷம் மே கடைசியில அவர் கணக்குல இருந்தது 11 ரூபாய் சொச்சம். சம்பளம் ஏழாம் தேதிதானே. டெபிட் திரும்பிடுச்சு. மறுபடி சேருங்கன்னு யாரும் அவருக்குச் சொல்லலை. நானும் சொல்லலை, மாசா மாசம் எட்டாம் தேதி கண்ணெதிர்ல பார்த்துக்கிட்டேதான் இருந்தேன். ஜன் தன் கணக்குக் கார்டுக்கும் ஒரு விபத்துக் காப்பீடு உண்டு, அதுக்குக் கார்டை 90 நாளுக்குள்ள ஒரு தடவையாவது தேய்ச்சிருக்கணும். அவர்தான் ஸ்லிப் ஆளாச்சே. அடையாளம் தெரியாத வண்டி இடிச்சுட்டுப் போயிருந்தா அதுக்கு 2022 ஏப்ரல்லேர்ந்து 2 லட்சம் நிவாரணம் இருக்கு. ஆனா இவரை எந்த வண்டியும் இடிக்கலையே. மூணு கதவும் மூடி இருந்துச்சு.

கணக்குல இருந்த மிச்சம் சம்பளப் பணத்தை நாமினி பேர்ல மாத்திக் கொடுத்தோம். அந்தப் பையன் காலேஜை நிறுத்திட்டு இப்ப அதே செக்யூரிட்டி ஏஜென்சியில டே ஷிஃப்ட் பாக்குறான். அதே சைக்கிள்.

"என் தலை, என் இஷ்டம்"ங்கிறதைக் கேட்டா எனக்கு அந்த மஞ்சப் பைதான் ஞாபகம் வருது. நான் பி.காம். படிச்சவன், தத்துவம் தெரியாது. ஆனா லோன் கொடுக்குறப்ப ஒண்ணு பார்ப்போம். கடன் வாங்குறவர் கையெழுத்து மட்டும் போதாது, கூட ஒரு ஜாமீன்தாரர் கையெழுத்தும் வேணும். ஏன்னா இவர் கட்டாட்டி அவர் கட்டணும். ஒவ்வொரு குடும்பஸ்தன் தலைக்கும் ஜாமீன்தாரர் நாலு பேர் இருக்காங்க. அவங்க கிட்ட யாரும் கையெழுத்து வாங்கறதில்ல. முடிவை ஒருத்தர் எடுக்குறார், தவணையை வேற யாரோ கட்டுறாங்க. இதைப் பர்சனல்னு எப்படிச் சொல்றது?

அப்ப சைக்கிளுக்கும் கட்டாயம்னு சட்டம் போட்டுடலாமான்னு கேப்பீங்க. அந்தம்மா போன அன்னிக்கு ராத்திரி நானும் அப்படித்தான் நினைச்சேன். ஒரு வாரம் போனதும் மாறிடுச்சு.

முதல்ல ஹெல்மெட்டோட யோக்கியதையைப் பார்ப்போம். சைக்கிள் ஹெல்மெட் உள்ளே இருக்கறது ஒரு மாதிரி கெட்டித் தெர்மகோல். அது நசுங்கித்தான் அடியை வாங்கிக்கும், அதனால ஒரு தடவை நல்லா அடிபட்டா தூக்கிப் போடணும். ஐரோப்பாவுல ஈ.என். 1078ன்னு ஒரு தரம். அதுல தட்டைத் தளத்துல சுமார் ஒன்றரை மீட்டர் உயரத்துலேர்ந்து போட்டுப் பார்க்குறாங்க, அதாவது மணிக்கு இருபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கம்மியான வேகம். நடைபாதை விளிம்பு மாதிரியான கல்லுமேலயும் போட்டுப் பார்க்குறாங்க, அதுக்கு வேகம் இன்னும் கொஞ்சம் கம்மி. லாரி ஏறினா காப்பாத்தும்னு யாரும் சொல்லலை. சைக்கிள்லேர்ந்து தானா விழுறதுக்குத்தான் அதைச் செய்யறாங்க. எங்க வாட்ச்மேன் விழுந்த மாதிரி. அதைப் படிச்சப்ப வயித்தைப் பிசைஞ்சுது. பல நாட்டு ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு அலசல் 2016ல வந்துச்சு. விபத்துல மாட்டின சைக்கிள்காரங்கள்ல ஹெல்மெட் போட்டவங்களுக்குப் பலமான தலைக்காயம் கிட்டத்தட்ட 70 சதவீதம் குறைவுன்னு சொல்லுது. ஆக, தலையைக் காப்பாத்துமான்னா காப்பாத்தும். அதுல சந்தேகம் வேணாம்.

பையன் இன்னொரு ஆராய்ச்சியைத் தூக்கிக்கிட்டு வந்தான். இங்கிலாந்துல பாத் பல்கலைக்கழகத்துக்காரர் ஒருத்தர் சைக்கிள்ல சென்சார் மாட்டிக்கிட்டு ஓட்டி, ஹெல்மெட் போட்டா கார்க்காரங்க சராசரியா 8.5 சென்டிமீட்டர் நெருக்கமா முந்திப் போறாங்கன்னு 2007ல எழுதினார். அப்புறம் வேற ஆட்கள் அதே கணக்கைத் திருப்பிப் போட்டுப் பார்த்து, அது அவ்வளவு தூரம் நிக்காதுன்னு சொன்னாங்க. நான் பையன்கிட்ட சொன்னேன், "கண்ணு, கர்வே ரோட்டுல நம்மளை முந்துற பஸ் எட்டு சென்டிமீட்டர் இடம் விட்டாலே பெரிய விஷயம். இந்த ஆராய்ச்சி நமக்கு எதுக்கு?"

ஆனா சட்டம்னு வந்தா கதை வேற. ஆஸ்திரேலியாவுல விக்டோரியா மாநிலம் 1990லயே சைக்கிளுக்கு ஹெல்மெட் கட்டாயம்னு கொண்டுவந்தது, உலகத்துலயே முதல்ல. அதனால சைக்கிள் ஓட்டுறவங்க குறைஞ்சாங்களா இல்லையான்னு முப்பது வருஷத்துக்கு மேல அங்க சண்டை நடக்குது. அமெரிக்காவுல சியாட்டில் இருக்குற கிங் கவுண்டியில 2022ல இதே சட்டத்தைத் தூக்கிட்டாங்க. ஹெல்மெட் நல்லதில்லேன்னு இல்ல. போலீஸ் யாருக்கு அபராதம் போட்டிருக்குன்னு பார்த்தா, கிட்டத்தட்ட பாதி வீடில்லாம தெருவுல கிடக்குற ஜனங்களுக்கு.

அதைப் படிச்சதும் எனக்கு நம்ம ஊர்தான் கண்ணுல வந்துச்சு. ஞாயித்துக்கிழமை காலைல கடக்வாஸ்லா அணைக்கு, சிங்ககட் மலைக்கு நாற்பதாயிரம் ரூபாய் சைக்கிள்ல போறவங்க எல்லாரும் ஹெல்மெட்டோடதான் போறாங்க. பல குரூப்ல ஹெல்மெட் இல்லாட்டி சேர்த்துக்கவே மாட்டாங்க. அவங்களுக்குச் சட்டம் தேவையே இல்ல. சட்டம் வந்தா மாட்டப்போறது யாரு? பால்காரர், பேப்பர் போடுற பையன், கட்டட வேலைக்குப் போற பீகார் தொழிலாளி, நைட் வாட்ச்மேன். சைக்கிளே ரெண்டாயிரம் ரூபாய்க்கு செகண்ட் ஹேண்ட்ல வாங்கினதா இருக்கும். தரமான ஹெல்மெட் ஆயிரம் ரூபாய். சிக்னல்ல ஒரு போலீஸ்காரர் கையைக் காட்டினா அன்னிக்குக் கூலி போச்சு. எங்கப்பாவுக்கு டயர் காத்தைப் பிடுங்கின அதே கதை, ரேட் மட்டும் ஏறியிருக்கும். நம்ம தமிழ்நாட்டுல அரசாங்கம் பிளஸ் ஒன் பிள்ளைங்களுக்குச் சைக்கிள் கொடுக்குது. அந்தச் சைக்கிள்ல கிராமத்துப் பொண்ணுங்க பள்ளிக்கூடம் போறதைப் பார்த்தவங்க சொல்லட்டும், ரெட்டைச் சடையில ஹெல்மெட் இல்லேன்னு அதுங்களை வழியில நிறுத்துறதா?

சீக்கியர் விஷயமும் இருக்கு. 129வது பிரிவுலயே தலைப்பாகை கட்டின சீக்கியருக்கு விலக்கு உண்டு. சைக்கிள் ஹெல்மெட்டுக்குச் சட்டம் இல்லாட்டியும், டெல்லியில ஒரு நெடுந்தூர சைக்கிள் பயணத்துல ஹெல்மெட் போடலேன்னு ஒரு சீக்கியரைச் சேர்த்துக்கலை. அவர் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனார். தலைப்பாகைதான் கட்டணுமா, தலையை மூடினா போதாதான்னு நீதிபதிகள் கேட்டது 2018ல செய்தியாச்சு. சில பேருக்கு இது நிஜமாவே மனசாட்சி சம்பந்தப்பட்டது. என் பையனுக்கு ஹேர் ஸ்டைல் சம்பந்தப்பட்டது. ரெண்டையும் ஒரே வார்த்தையில "சாய்ஸ்"னு சொல்றதுதான் எனக்குப் பிடிக்கலை.

அதனால என் கட்சி இது. சைக்கிளுக்குச் சட்டம் வேணாம், அபராதம் வேணாம். பெரியவங்க போடுறதும் போடாததும் அவங்க பாடு. ஆனா பதினெட்டு வயசு வரைக்கும் வீட்டுல நான்தான் சட்டம். பேங்க்ல மைனர் கணக்குக்குக் கார்டியன் கையெழுத்து வேணும்னா, மைனர் தலைக்கும் வேணும்.

இன்னொண்ணு, இதை நான் வேற யாரும் சொல்லிக் கேக்கலை. செக்யூரிட்டி ஏஜென்சி வாட்ச்மேனுக்கு யூனிஃபார்ம் கொடுக்குது, தொப்பி கொடுக்குது, விசில் கொடுக்குது. அதுக்குச் சம்பளத்துல பிடிக்கவும் பிடிக்குது. அந்தத் தொப்பியோட ஒரு ஹெல்மெட்டும், சைக்கிளுக்குப் பின்னாடி ஒரு சிவப்பு லைட்டும் கொடுத்தா என்ன? சைக்கிள்ல சாப்பாடு கொண்டு வர்ற பையன்களுக்குக் கலர் சட்டை கொடுக்குற கம்பெனிகளும்தான். கூலிக்காரன் கிட்ட "போடலாம், போடாமப் போகலாம், உன் விருப்பம்"னு சொல்றது விருப்பம் கொடுக்குற மாதிரி தெரியலை எனக்கு. செலவை அவன் தலையில கட்டுற மாதிரிதான் தெரியுது. நெதர்லாந்துல வெறுந்தலையோட போறாங்கன்னா அங்க சைக்கிளுக்குத் தனிப் பாதை இருக்கு, விளக்கு எரியுது. இங்க ஸ்பீடு பிரேக்கருக்கு வெள்ளை பெயிண்ட் அடிக்கக் காசில்ல. அந்தக் கால்வாய் ரோட்டு ஸ்பீடு பிரேக்கர் பத்தி மாநகராட்சிக்கு நான் ரெண்டு தடவை எழுதினேன். இன்னும் அதே கருப்புலதான் இருக்கு. போட்டவன் மேல கேஸ் இல்ல, விழுந்தவன் மேல மட்டும் "ஏன் ஹெல்மெட் போடலை"ன்னு கேள்வி.

எங்க கிளையில என்ன பண்ணினோம்னா, மே மாசம் பதினஞ்சு தேதியிலேர்ந்து ஸ்லிப் எழுத வர்றவங்க ஒவ்வொருத்தர் கணக்குலயும் அந்த 20 ரூபாய் நிக்குதான்னு பார்க்கச் சொல்லியிருக்கேன். கவுண்டர்ல இருக்குற பொண்ணு முணுமுணுத்துக்கிட்டேதான் பார்க்குது. அப்புறம் ஸ்டாஃப் எல்லாரும் காசு போட்டு, சைக்கிள்ல வர்ற எங்க கிளை நைட் கார்டுக்கு ஒரு ஹெல்மெட் வாங்கினோம். அவர் சந்தோஷமா வாங்கிக்கிட்டார். மறுநாள் பார்த்தா அதுல டிபன் பாக்ஸை வெச்சு ஹேண்டில்ல மாட்டிக்கிட்டு வரார். கேட்டா, "சாஹேப், புதுசு. மழையில நனைஞ்சா கெட்டுப்போயிடும்" என்கிறார். நனையறதுக்கும் சேர்த்துத்தான் செஞ்சிருக்காங்கன்னு எடுத்துச் சொன்னேன். ரெண்டு நாள் போட்டார். மூணாம் நாள் மறுபடி டிபன் பாக்ஸ். இன்னும் பேச்சுவார்த்தை நடக்குது.

வீட்டுப் பேச்சுவார்த்தை ஒரு மாதிரி முடிஞ்சது. பையன்கிட்ட அந்த வாட்ச்மேன் கதையை முழுசாச் சொன்னேன். 11 ரூபாய் வரைக்கும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்தான். அப்புறம், "அந்த அண்ணா ஹெல்மெட் போடுறாராப்பா?"ன்னு கேட்டான். அந்தப் பத்தொன்பது வயசுப் பையனைக் கேக்குறான். எனக்குத் தெரியலை. போய்ப் பார்க்கணும்னு நினைச்சு இன்னும் போகலை.

கடைசியில ஒரு கண்டிஷன் போட்டான். அவன் போடுவான், ஆனா நானும் போடணும். கொத்தமல்லி வாங்கப் போனாலும், இருநூறு மீட்டர்னாலும். "லுங்கியில போனாலுமா?"ன்னு கேட்டேன். "லுங்கியில போனாலும்தான்" என்றாங்க தங்கமணி, பூண்டைத் தட்டுல கொட்டிக்கிட்டே.

போன ஞாயித்துக்கிழமை போனேன். லுங்கி, பனியன் மேல ஒரு சட்டை, தலையில பையனோட நீலக்கலர் ஹெல்மெட், பூண்டு வாசனையோட. புனேக்காரங்க நக்கல் உலகப் பிரசித்தம்னு உங்களுக்குத் தெரியும்தானே. காய்கறிக்காரர் என்னை மேலேர்ந்து கீழ வரைக்கும் ஒரு தடவை பார்த்தார். கொத்தமல்லிக் கட்டை உதறிக்கிட்டே கேட்டார்:

"சாஹேப், லடாக்லா நிகாலாத் கா?"

லடாக்குக்குக் கிளம்பிட்டீங்களாம். எதிர் பிளாட்ஃபாரத்துல பையன் நின்னு ஃபோட்டோ எடுத்துக்கிட்டிருந்தான்.